துழாவு

மருதவாணர் தொகுத்த நிகண்டை ஓலையில் படியெடுக்கும் வேலை மாணாக்கன் உமாபாகனுடையது. படியெடுப்பதோடு நிற்காமல், சொற்களை நீக்கவும் யோசனை சொல்லத் தொடங்கியிருந்தான்.

"தேடுதலுக்கு இத்தனை சொல் எதற்கு, ஐயா? 'துழாவு' என்பதை எடுத்துவிடலாம். 'தேடு' என்றாலே போதும்."

"துழாவு உன்னை என்ன செய்தது?"

"ஒன்றும் செய்யவில்லை. கேட்டால் கூழும் கரண்டியும்தான் நினைவுக்கு வருகின்றன. புலவர்கள் சிரிப்பார்கள்."

ஆசிரியர் பதில் சொல்ல வாயெடுத்தார். மடத்தின் பின்னாலிருந்த குளத்திலிருந்து அலறல் கேட்டது.

இருவரும் விரைந்தார்கள். படித்துறையில், துணி துவைக்க வந்த குப்பாயி தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்பினால் மகளைக் காணவில்லை.

"இங்கதான் சாமி நின்னா. வழுக்கிருச்சு போல."

எருமைகள் அப்போதுதான் கரையேறியிருந்தன. குளம் முழுக்கச் சேறாய்க் கலங்கிக் கிடந்தது.

உமாபாகன் இறங்கினான். மார்பளவு நீரில் நின்று இந்தப் பக்கம் குனிந்து பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான்.

"ஒன்றும் தெரியவில்லை, ஐயா."

மறுபடி பார்த்தான்.

மருதவாணருக்கு முழங்கால் மடங்காது. நீரோரப் படியில் நின்றபடி சொன்னார்:

"துழாவு."

உமாபாகன் கண்ணை மூடிக்கொண்டு முங்கினான். இரண்டு கைகளையும் அடிச்சேற்றில் விரித்து வீசினான். அல்லித்தண்டு. உடைந்த பானை. கல். மூச்சு முட்டியது. எழவில்லை. இன்னும் எட்டி வீசினான். விரலில் ஒரு கொலுசு மாட்டியது. கொலுசுக்குள் கால் இருந்தது.

கரையில் குழந்தையைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினார்கள். தண்ணீர் வந்தது. பிறகு இருமல். பிறகு தெருக்கோடிக்கே கேட்கும் அழுகை.

குப்பாயி முதலில் மகளுக்கு ஓர் அறை வைத்தாள். அப்புறம்தான் அணைத்துக்கொண்டாள்.

"எருமை குளிக்கிற தண்ணியில உனக்கு என்னடி வேலை?" என்றாள். உமாபாகனைப் பார்த்துக் கும்பிட்டாள். "அந்தச் சேத்துல எப்படித்தான் உங்க கண்ணுல பட்டாளோ, சாமி."

"கண்ணில் படவில்லை, அம்மா."

கூடியிருந்த பெண்கள் குலவையிட்டார்கள். ஊரே அவனைத் தூக்காத குறையாக மடத்து வாசல்வரை கொண்டுவந்து விட்டது.

சேறு சொட்டச் சொட்ட ஆசிரியர் முன் நின்றான். முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. கன்னத்துச் சேற்றை வழித்துவிட்டுக் கேட்டான்.

"ஐயா, அப்போது நீங்கள் 'தேடு' என்று சொல்லியிருந்தால்?"

"அதைத்தான் செய்துகொண்டு நின்றாய்" என்றார் மருதவாணர்.