விலக்கி வைத்தவர் வரவேண்டும்

முழுவதும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நடுவில் உச்சுக்கொட்டுகிறவர்கள் எழுந்து போகலாம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு சேகரம். அதிலுள்ள ஒன்பது ஊர்க் கிறிஸ்தவ சபைகளுக்கும் ஒரே குரு, ஜெபசிங் ஐயர். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், புது வீட்டு ஜெபம், எல்லாவற்றுக்கும் அவர்தான். வீட்டுக்கு மட்டும் ஆள் கிடைக்கமாட்டார். அவர் மனைவி பியூலா இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள்.

ஒரே மகள் ஜெமிமா ஒன்பதாம் வகுப்பு. "உங்கப்பா ஒரு நாளாவது ஸ்கூலுக்கு வந்திருக்காராட்டி?" என்று கேட்ட பிள்ளையின் மண்டையில் ஜியாமெட்ரி பாக்ஸால் போட்டுவிட்டாள். தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பியபோது ஒரு அடக்கம் குறுக்கிட்டது. மறுபடி கூப்பிட்டபோது ஒரு புது வீடு. கடைசியாகச் சொல்லியனுப்பினார்: "நாளை மூன்று மணிக்குத் தகப்பனார் வராவிட்டால் டி.சி. தாயார் வந்தால் போதாது."

"நீங்க வரமாட்டீங்கப்பா" என்றாள் ஜெமிமா, மறுநாள் காலையில்.

"வருவேன்" என்றார் ஐயர்.

மதியம் அவர் பைக்கை எடுக்கும்போது உபதேசியார் பாக்கியநாதன் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். "ஐயா, மாசிலாமணி அண்ணாச்சிக்கு இழுத்துக்கிட்டு இருக்கு. திருவிருந்து கேக்காவ."

உபதேசியார் ஜெபிக்கலாம், பிரசங்கம் பண்ணலாம். திருவிருந்தின் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் குருதான் கொடுக்க வேண்டும்.

"பக்கத்துச் சேகரத்து ஐயரைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் பியூலா.

"விலக்கி வச்ச ஐயர்தாம்மா திரும்பச் சேக்கணும். இங்க அதான் வழக்கம்."

போன வருஷம் கோயிலில் ஊரே கூடி உண்ணும் அசன விருந்தில், கறி வைத்ததில் ஓரவஞ்சனை என்று மாசிலாமணி தன் தம்பியைக் கரண்டியாலேயே அடித்துவிட்டார். ஐயர் அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கினார். கிறிஸ்துமஸுக்குள் அண்ணனும் தம்பியும் சமாதானம். "என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று மாசிலாமணி பலமுறை ஆள் அனுப்பினார். ஐயரும் "வருகிறேன்" என்றார். புது வீடுகள் விடவில்லை.

"என்ன செய்யட்டும் பியூலா?"

"எங்கிட்ட கேக்காதீங்க. கேட்டா சொல்லிருவேன்."

ஐயர் திருவிருந்துப் பெட்டியை அவள் கையில் கொடுத்தார். "அண்ணாச்சி வீட்டுல கொண்டுபோய் வை. ஸ்கூல் முடிஞ்சதும் நேரா அங்க வாரேன்." பைக் பள்ளிக்கூடத்தை நோக்கித் திரும்பியது.

மாசிலாமணியின் கண் வாசலிலேயே இருந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஐயரின் போன் அணைந்திருந்தது.

"கொடுங்க உபதேசியாரே" என்றாள் பியூலா.

"எனக்கு உரிமை இல்லம்மா. வேலை போயிரும்."

"இங்க உயிரே போகுது!"

"நீங்க சொல்லிருவீங்க ஐயரம்மா. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க." சொல்லிக்கொண்டே எழுந்துபோய்க் கை கழுவினார். அப்பத்தைப் பிட்டு ரசத்தில் நனைத்தார். "சபையில சேத்தாச்சு அண்ணாச்சி."

மாசிலாமணி விழுங்கினார். சற்று நேரத்தில் அடங்கிவிட்டார்.

ஐயர் மூன்று மணிக்குப் போய் நின்றதில் டி.சி. இல்லையென்று ஆயிற்று. அப்பாவின் முதுகைக் கட்டிக்கொண்டு ஜெமிமா பைக்கில் வந்து இறங்கியபோது, மாசிலாமணியின் தம்பி எல்லார் முன்னாலும் உபதேசியாரின் கையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தார்: "நீரு குடுத்தீரே, அது போதும்!" சேகரக் கமிட்டிக்காரர் ஒருவர் காதில் அது விழுந்தது. வருகிற ஞாயிறு உபதேசியார் மேல் விசாரணை. தலைமை, ஜெபசிங் ஐயர்.

ஐயர் மகளுக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினார். பியூலா கொடுக்கச் சொன்னாள். உபதேசியார் உரிமை இல்லாமல் கொடுத்தார். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: உபதேசியார். ஐயர் பள்ளிக்குப் போனது நியாயம்தான்; ஆனால் மாசிலாமணி முன்பு ஆள் அனுப்பியபோதே போயிருந்தால், மகளா சாவா என்று வாசலில் விழித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டாம். பியூலாவுக்குத் துணிச்சல் உண்டு. அவள் துணிந்தது அடுத்தவர் பிழைப்பை வைத்து. தன் சோற்றைப் பணயம் வைத்தவர் உபதேசியார் ஒருவர்தான். பியூலா பக்கம் நியாயம் உண்டா என்பது ஞாயிற்றுக்கிழமை தெரியும். கமிட்டிக்குக் காப்பி கொண்டுபோவது ஐயரம்மா வேலை. தட்டை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாளா, நின்று "கொடுக்கச் சொன்னது நான்" என்பாளா?