முதல் பந்தியில் உட்கார்ந்தவள்

குரு என்றால் தாடி வேண்டும் என்று யார் சொன்னது? கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு வேளாண் கல்லூரியில் மாதம்மாள் என்று ஒரு பேராசிரியை இருந்தார். மண்ணியல் பாடம் எடுப்பார். பெண்கள் விடுதியும் அவர் பொறுப்புதான். கோபம் வந்தால் கத்தமாட்டார், சிரிப்பார். அதுதான் எல்லாருக்கும் பயம்.

விடுதி விழா அன்று காலையில் ஜெபராணி அவர் முன்னால் வந்து நின்றாள். குளச்சல்காரி. முதலாம் ஆண்டு.

"டீச்சர், படிப்ப விட்டுட்டு ஊருக்குப் போறேன். முடிவு பண்ணியாச்சு."

"பாடம் புரியலையா?"

"பாடம் உயிரு டீச்சர். ஆனா இங்க ஒருத்தியும் என்னைய சேத்துக்கல. இன்னும் வாங்க, போங்கன்னுதான் பேசுறாளுக. இது எப்ப டீச்சர் என் இடம் ஆகும்?"

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

"மத்தியானம் விருந்து இருக்கு. சாப்பிட்டுப் போ" என்றார் மாதம்மாள்.

இவ்வளவுதானா பதில்? ஜெபராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் முதல் பந்தியிலேயே போய் உட்கார்ந்தாள். சீக்கிரம் சாப்பிட்டால் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். சுற்றிலும் பெற்றோர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும். அவளோடு படிக்கும் தாமரை பொரியல் வைத்துக்கொண்டே வந்து, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா?" என்றாள்.

அப்போது மாதம்மாள் வந்து இலைக்கு முன்னால் நின்றார். சிரித்தார்.

"எழுந்திரு."

பந்தியே நிமிர்ந்து பார்த்தது. பகையாளியைக்கூட இலையிலிருந்து எழுப்பமாட்டார்களே! ஜெபராணிக்கு மானம் போயிற்று. எழுந்தாள். மாதம்மாள் ரசவாளியை அவள் கையில் திணித்துவிட்டு, அவள் இடத்தில் புது இலை போட்டு ஒரு பெரியவரை உட்காரவைத்தார்.

வாளியைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம். ஓடினால் அழுதுகொண்டு போனாள் என்பார்கள். அந்தப் பேச்சு மட்டும் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு கரண்டியைப் பிடித்தாள்.

முதல் வரிசையிலேயே ஒருவர் வேட்டியில் ரசத்தை ஊற்றினாள்.

"அய்யய்யோ! என்னத்தடி பண்ற?" என்று தாமரை ஓடிவந்து துடைத்தாள். "குனிஞ்சு ஊத்துடி, லூசு!"

"நீ முதல்ல வழிய விடுடி!"

அப்புறம் நிற்க நேரமில்லை. "ஏய் ஜெபா, இங்க ரசம்!" "அடியே, அந்த வரிசைக்கு யாரு போவா?" நாலாபக்கமும் கூப்பிட்டார்கள், திட்டினார்கள், கேலி செய்தார்கள். அவளும் விடவில்லை, பதிலுக்குப் பதில் கொடுத்தாள். மூன்று மணி எப்போது தாண்டியது என்று அவளுக்கே தெரியாது.

கடைசிப் பந்தியில் பிள்ளைகள் எல்லாரும் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தார்கள். நல்ல பசி. ஜெபராணி எட்டிப் பார்த்தாள். பாயச அண்டா காலி.

"டீச்சர்! எனக்குப் பாயசமே இல்ல!"

கரண்டியால் அண்டாவின் அடியைச் சுரண்டிக்கொண்டே மாதம்மாள் சொன்னார்:

"வீட்டு ஆளுங்களுக்கு என்னைக்குடி மிஞ்சியிருக்கு?"