பெருமாயி கூப்பிட்ட பெயர்

அவசரமாகத் தீர்ப்புச் சொல்கிறவர்களை இந்தக் கதை ஏமாற்றிவிடும். முழுக்கக் கேட்டுவிட்டு வாயைத் திறங்கள்.

காவிரிக் கரையில் ஓர் ஊர். அங்கே பெருமாயி என்றொருத்தி இருந்தாள். அவளுடைய அக்காள் பச்சையம்மாள் நோயில் விழுந்து, இனி எழமாட்டோம் என்று தெரிந்ததும், தன் மகள் தீர்த்தாவின் கையை எடுத்துத் தங்கையின் கைக்குள் வைத்தாள்.

"உம் மவன் மாதேசு மேல உனக்கு என்ன மனசு இருக்குதோ, அதே மனசு இவ மேலயும் இருக்கணும். சத்தியம் பண்ணு பெருமாயி."

பெருமாயி சத்தியம் செய்தாள். பச்சையம்மாளின் கணவன் வேடியப்பன் பக்கத்திலேயே நின்று கேட்டான். பச்சையம்மாளின் காரியம் முடிந்து பிழைப்புக்காக ஓசூருக்குக் கிளம்பியபோது அவன் ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

"எம் பொண்ணு இங்க ரெண்டாம்பட்சம்னு என்னிக்குத் தெரியுதோ, அன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

பிள்ளைகள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே பாயில் உறங்கினார்கள், ஒரே தட்டுக்குச் சண்டை போட்டார்கள். குறை சொல்ல யாருக்கும் எதுவும் அகப்படவில்லை.

ஓர் ஆடி மாதம் அக்கரையில் திருவிழா. மகளைப் பார்க்க வேடியப்பனும் வந்திருந்தான். பரிசல்காரன் சென்றாயனின் பரிசலில் பெருமாயியும் இரண்டு பிள்ளைகளும் ஏறிக்கொள்ள, இடமில்லாமல் வேடியப்பன் அடுத்த பரிசலுக்காகக் கரையில் நின்றான்.

கொஞ்ச தூரம் போவதற்குள் தண்ணீரின் நிறம் மாறியது. மேற்கே பெய்த மழை செம்மண் குழம்பாக இறங்கி வந்தது. சென்றாயன் துடுப்பைப் போட்டுத் திருப்பப் பார்த்தான். முடியவில்லை. பரிசல் பாறையில் மோதிச் சாய, பிள்ளைகள் இருவரும் ஆற்றில் விழுந்தார்கள்.

பெருமாயி ஒரு கையால் பரிசலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு இடுப்புவரை தண்ணீருக்குள் சரிந்தாள். மறு கையைக் கலங்கலுக்குள் வீசினாள்.

"மாதேசு!"

அந்தக் கூப்பாடு கரைவரைக்கும் கேட்டது. விரல்களில் ஒரு தலைமயிர் சிக்கியது. இழுத்தாள். மேலே வந்தது தீர்த்தாவின் முகம்.

அதே நேரம், கை நீட்டினால் எட்டுகிற தொலைவில், மாதேசுவின் தலை எழும்பியது. அவன் தாயைப் பார்த்துவிட்டான். "அம்மா!" என்றான். ஒரு கையில் பரிசல், ஒரு கையில் தீர்த்தா. மூன்றாவது கை அவளுக்கு இல்லை. தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் மறுபடி மூழ்கினான்.

பெருமாயி பிடியை விடவில்லை. "சென்றாயா! எம் புள்ள!" என்று அலறினாள். பரிசலை நிலைநிறுத்தப் போராடிக்கொண்டிருந்த சென்றாயன் திரும்பித் துடுப்பை நீட்டினான். மாதேசு மீண்டும் மேலே வந்தபோது அது அவன் கையில் தட்டியது. பிடித்துக்கொண்டான்.

எல்லோரும் உயிரோடு வேடியப்பன் நின்ற கரைக்கே வந்து சேர்ந்தார்கள். ஆனால் யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. மாதேசு தள்ளிப்போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். தீர்த்தா சின்னம்மாவின் பக்கம் திரும்பாமல் அப்பனோடு ஒட்டிக்கொண்டாள்.

"எம் பொண்ணைப் புடிச்சுக்கிட்டு யாரு பேரைச் சொன்ன?" என்றான் வேடியப்பன்.

"அதுவா வந்துருச்சு மாமா."

"அது உம் மவன் இல்லைன்னு தெரிஞ்சப்ப உம் மனசுல என்ன இருந்துச்சு? செத்துப்போன பச்சையம்மா மேல ஆணையா சொல்லு."

பெருமாயி பொய் சொல்லியிருக்கலாம். அவள் மனத்துக்கு வேறு சாட்சி கிடையாது. அவள் தீர்த்தாவைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏமாந்த மாதிரி இருந்துச்சு. ஐயோ, அவன் இல்லையேன்னு."

தீர்த்தா முகத்தை மூடிக்கொண்டாள்.

"பொறவு?"

"பொறவு அவன் கூப்புட்டான். இவளை விட்டாத்தான் அவனைப் புடிக்க முடியும்னு தெரிஞ்சுது. விடலை. அப்ப பயங்கூட வரலை மாமா. இப்பத்தான் வருது." அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்தாள்.

"போதும். மனசு ஒண்ணா இல்லைன்னு உன் வாயாலயே சொல்லிட்ட. சத்தியம் போச்சு," என்றான் வேடியப்பன்.

"சின்னம்மா என்னைத் தேடலை. அவனைத்தான் தேடுச்சு," என்றாள் தீர்த்தா.

மாதேசு திரும்பாமலே கத்தினான். "பொய்! என்னைப் பாத்துக்கிட்டே அவளைப் புடிச்சிருந்துச்சு. என்னை விட்டுருச்சு!"

வேடியப்பன் மகளின் கையைப் பிடித்து இழுத்தான்.

இப்போது சொல்லுங்கள். பெருமாயி வாக்கைக் காத்தாளா, தவறினாளா? அந்த மூவரில் யார் சொன்னது சரி?

*

வேடியப்பன் சொன்னது தவறு. பெருமாயி அந்தப் பெயரைத் தேர்ந்து கூப்பிடவில்லை, அந்த ஏமாற்றத்தை வரவழைக்கவும் இல்லை. இரண்டும் அவளைக் கேட்காமல் வந்தவை. தானாக எழுவதன் மேல் யாரால் சத்தியம் செய்ய முடியும்? பச்சையம்மாள் மனத்தைக் கேட்டாள், தங்கையால் கொடுக்க முடிந்தது கையைத்தான். அதைக் கொடுத்தாள். வாக்கு நின்றது. தீர்த்தா சொன்னது உண்மை, ஆனால் பாதி உண்மை. தேடியது அவனை, விடாதது அவளை. சரியாகச் சொன்னவன் மாதேசுதான். அந்த வாக்குக்கு விலையாக நின்றவன் அவன். தன்னை விட்டுவிட்டாள் என்று அவன் சொன்னால், இல்லை என்று சொல்ல யாருக்கும் வாயில்லை. பெரியவர்களுக்குப் புரிவதற்கு முன்பே அது தீர்த்தாவுக்குப் புரிந்தது. அப்பனின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். "நீ ஊருக்குப் போப்பா. அவன் இன்னும் சின்னம்மாகிட்டப் பேசலை. அவன் பேசுற வரைக்கும் நான் இங்க இருக்கணும்," என்றாள்.