மூன்றாவது கூடாரத்து விரல்

"இந்த மலைக்கு இரக்கமே இல்லைங்க" என்றார் பரந்தாமன்.

வேதநாயகி டீயை அவர் முன்னால் வைத்தார்.

இமயமலையில், மலையேற்றப் பாதை தொடங்கும் கடைசி ஊரில், தகரக் கூரை போட்ட முதலுதவி நிலையம் அது. வேதநாயகி விளாத்திகுளத்துக்காரர். ராணுவத்தில் நர்ஸாக இருந்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டவர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. அந்தப் பக்கத்து வழிகாட்டிகள் எல்லோரும் அவரிடம் பாடம் படித்தவர்கள், குருஜி என்றுதான் கூப்பிடுவார்கள்.

பரந்தாமனுக்கு ஐம்பத்தைந்து. கோபிசெட்டிபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கிறார். முந்தாநாள் அவருடைய தங்கை கணவர் சிங்காரவேலு மேல் முகாமில் மூச்சுத் திணறி இறந்துபோனார். உடல் கீழே வந்ததும் துடைத்து வெள்ளைத் துணி சுற்றியவர் வேதநாயகிதான்.

"பழக்கமில்லாதவங்க ஏறுற மலையாங்க இது? சுலபமான பாதைன்னு விளம்பரம் போட்டிருந்தாங்க. பத்தடி வெச்சா நெஞ்சடைக்குது. சோறு இறங்கல, தூக்கமில்ல."

"முன்னாடி எங்கயாவது ஏறியிருக்கீங்களா?"

"வருசா வருசம் வெள்ளியங்கிரி ஏறுறோம்ங்க. ஏழு மலை."

ஏழு மலை ஏறியவருக்கு எட்டாவது எம்மாத்திரம் என்று கோபியில் எல்லோரும் நினைத்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருவர் படத்தையும் போட்டு, 'இமயத்தை வென்று வாருங்கள் மச்சான்களே' என்று பதினைந்தடிக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். கிளம்பும் முன்பே ஜெயித்துவிடுவதில் நம்மவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூச்சு வாங்கினால் மனுஷன் இறங்கிவிடலாம். ஃபிளெக்ஸை யார் இறக்குவது?

பரந்தாமன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வழிகாட்டி தினேஷ்மேல் புகார். சிங்காரவேலுவின் உடல்நிலையை அவன் கவனிக்கவில்லை, அவனுடைய லைசென்ஸைப் பறிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. வேதநாயகி சாட்சிக் கையெழுத்துப் போட்டால் எடுபடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். லைசென்ஸ் போனால் தினேஷுக்கு வேறு பிழைப்பில்லை.

"நான் கெட்டவன் இல்லைங்க. தங்கச்சி போன்ல ஒண்ணேதான் கேக்குறா. யாருண்ணா பாத்துக்காம விட்டதுன்னு. அவளுக்கு ஒரு பேரைச் சொல்லணும். சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்."

வேதநாயகி எழுந்துபோய் தினேஷின் நோட்டை எடுத்துவந்தார்.

தினமும் சாயங்காலம் வழிகாட்டி கூடாரம் கூடாரமாகப் போய், ஒவ்வொருவர் விரலிலும் கிளிப் மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். எழுபத்தைந்துக்குக் கீழே போனவர் மேலே ஏறக் கூடாது, இறங்கியே ஆக வேண்டும். குளிருக்குப் பயந்து ஜிப்பைக் கொஞ்சமாகத் திறந்து விரலை மட்டும் வெளியே நீட்டுவார்கள். அந்தப் பாதையில் அதுதான் வழக்கம்.

"மூணாவது கூடாரம்" என்று வேதநாயகி படித்தார். "உங்களுக்கு எண்பத்தாறு. அவருக்கும் எண்பத்தாறு. மறுநாள் உங்களுக்கு எண்பத்து நாலு, அவருக்கு எண்பத்தஞ்சு."

"அதைத்தாங்க நானும் சொல்றேன். அவன் கருவியே சரியில்ல."

"பக்கத்துல ஒரு குறிப்பு இருக்கு. நடுவிரல்ல நகம் இல்ல, மோதிர விரல்ல பார்த்தேன்னு. உங்க பேருக்கு நேரா எழுதியிருக்கான். அவர் பேருக்கு நேராவும் எழுதியிருக்கான்."

பரந்தாமனின் வலது கை டீ டம்ளரைப் பிடித்திருந்தது. அதன் நடுவிரல் நகம் பத்து வருஷத்துக்கு முன்னால் தறியில் போனது. கையை மெதுவாக எடுத்து மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கும் எப்படிடா ஒரே நகம் போகும்னு நேத்து அவனைக் கேட்டேன். தறி ஓட்டுறவங்க கை அப்படித்தான்னு உள்ள இருந்து யாரோ சொன்னாங்களாம். பனி கொட்டிட்டிருந்ததாம். நம்பிட்டான்."

வேதநாயகி நோட்டை மூடினார்.

"உங்க மச்சானுக்கு என்ன வேலை?"

"ஸ்கூல்ல ட்ராயிங் வாத்தியாருங்க."

"அவர் கையை நான்தான் துடைச்சேன். பத்து நகமும் இருந்துச்சு."

வெளியே மணிச் சத்தத்தோடு கோவேறு கழுதைகள் மூட்டை ஏற்றிக்கொண்டு மேலே போயின.

பிறகு பரந்தாமன் தானாகவே சொன்னார். தலை பிளக்கிறது, இறங்கிவிடலாம் என்று இரண்டாம் நாளே சிங்காரவேலு கெஞ்சியிருக்கிறார். ஃபிளெக்ஸ் வைத்த ஊரில் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று இவர் கேட்டிருக்கிறார். ஒரு நாள் பொறு, சரியாகிவிடும் என்று அவரைப் போர்த்திப் படுக்கவைத்துவிட்டு, ஜிப்புக்கு வெளியே தன் விரலையே இரண்டு தடவை நீட்டியிருக்கிறார். மறுநாளும் அப்படியே.

"நல்லதுன்னு நெனச்சுத்தாங்க பண்ணினேன்."

வேதநாயகி புகாரை அவர் பக்கம் தள்ளி, பேனாவை அதன்மேல் வைத்தார்.

"தினேஷ் பேரை அடிக்க வேண்டாம். அவனும் ஜிப்பைத் திறந்து பார்த்திருக்கணும். அதுக்கு மேல இன்னொரு பேர் எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

பரந்தாமன் பேனாவைத் தொடவில்லை.

மேசைமேல் கிடந்த அவருடைய செல்போன் அடித்தது. திரையில் 'பரிமளம் தங்கச்சி' என்று வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், எடுக்கவில்லை.

வேதநாயகி பச்சைப் பொத்தானை அழுத்தி போனை அவரிடம் நீட்டினார்.

"பேர் கேட்டாங்கன்னு சொன்னீங்களே. சொல்லுங்க."