தவிட்டுக்குருவி அணி வாய் திறந்த நாள்

அந்தக் காலத்தில், மரத்துக்கும் மாட்டுக்கும் கல்லுக்கும்கூட வாய் இருந்த காலத்தில், வாயே திறக்காத பிறவி ஒன்று உண்டென்றால் அது தவிட்டுக்குருவிதான். சிரிக்காதீர்கள். இன்றைக்கு அது வேலியோரத்தில் போடுகிற கூச்சலில் நம் காது கிழிகிறது, நானும் ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அப்படி இல்லை.

அப்போது காட்டில் பந்தாட்டம் என்றால் எல்லோருக்கும் உயிர். ஒருவர் அத்திக்காயை வீசுவார். எதிரணிக்காரர் குச்சியால் அதை ஓங்கி அடித்துவிட்டு, நாலு மூலையிலும் போட்டிருக்கிற நாலு கல்லையும் தொட்டு ஓடி வருவார். அடித்த காய் தரையில் விழுமுன் யாராவது பிடித்துவிட்டால் அடித்தவர் கதை முடிந்தது. இப்போது சீமையில் பேஸ்பால் என்று பெயர் வைத்து ஆடுகிறார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

இருந்த அணிகளிலேயே பழைய அணி தவிட்டுக்குருவி அணி. ஒன்பது பேர். பொழுதுபோக்குக்கு ஆடியவர்கள் இல்லை, ஆட்டம்தான் பிழைப்பு. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருகிற புழு பூச்சியில்தான் ஒன்பது வயிறும் நிறைய வேண்டும். அணியைத் தொடங்கிய முதல் தலைவர் போகும்போது ஒரு சட்டம் வைத்துவிட்டுப் போனார். மைதானத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் அந்த நிமிஷமே அணியை விட்டு வெளியே. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே!

கண்ணாலேயே பேசி ஆடினார்கள். அதைப் பார்க்கக் காடே திரண்டு வரும். "அடேயப்பா, ஒரு சத்தம் உண்டா பாருங்கள்!" என்று யானைகள்கூட மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். அப்படி வாழ்ந்த அணிக்குப் பிடித்தது பார்த்தீர்களா, ஒரு சனியன்.

அந்த அணியில் வெள்ளாயி என்று ஒருத்தி. மைதானத்தின் கோடியில், நடுவில் நிற்பவள். அவளுக்கு இடப்பக்கம் முத்தாண்டி. போன பருவத்தில் ஒரு காய் இருவருக்கும் நடுவே உயரமாக வந்தது. இரண்டு பேரும் அண்ணாந்தபடியே ஓடினார்கள். சத்தம் போடக் கூடாதே! மோதிய மோதலில் முத்தாண்டியின் சிறகு மடங்கிப்போய், பாவம், ஒரு மாதம் தரையிலேயே தத்திக்கொண்டு கிடந்தான். அதிலிருந்து நடுவில் எந்தக் காய் வந்தாலும், அவன் பிடிப்பான் என்று இவள் நிற்பாள், இவள் பிடிப்பாள் என்று அவன் நிற்பான். காய் பொத்தென்று விழும். அந்தப் பயம் மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. அணி தோற்றது, தோற்றது, தோற்றுக்கொண்டே இருந்தது.

வனத்துப் பஞ்சாயத்து கூடிச் சொல்லிவிட்டது. "பருவத்தின் கடைசி ஆட்டம் காக்கை அணியோடு. அதிலும் தோற்றால் உங்கள் அணியைக் கலைத்துவிடுவோம். ரெண்டு பேர் மைனாக்களோடு, ரெண்டு பேர் கொக்குகளோடு என்று ஆளுக்கொரு பக்கம் பிரித்துக் கொடுத்துவிடுவோம்."

வெள்ளாயிக்கு இரை இறங்கவில்லை. முட்டையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து தனியாக ஒரு பொழுதுகூட இருந்து அறியாதவள் அவள். கொக்குகளுக்கு நடுவில் ஒற்றைக்காலில் நிற்பதை நினைத்தாலே அழுகை முட்டியது. ஆட்டத்தன்று காலையில், மைதானத்துக்கு வெளியே, தலைவர் நரையனிடம் போய்க் கிசுகிசுத்தாள். வெளியேகூட அவர்களுக்குக் கிசுகிசுப்புத்தான் பழக்கம்.

"அண்ணே, ஒரே ஒரு வார்த்தை. 'நான் பிடிக்கிறேன்'னு சொன்னாப் போதும். முத்தாண்டி ஒதுங்கிக்குவான்."

நரையன் பதறிப்போனார். "வாயை மூடு புள்ளே! பலம்னா கழுகுக்கு இருக்கு, ஓட்டம்னா முயலுக்கு இருக்கு. நமக்கு என்ன இருக்கு சொல்லு? இந்தக் காடு நம்மள மதிக்கிறது இந்த ஒண்ணுக்குத்தான். அதையும் விட்டுட்டா நம்மள எவன் கேப்பான்?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. வெள்ளாயி தலையைக் குனிந்துகொண்டு போய்த் தன் இடத்தில் நின்றாள்.

அன்றைக்கு ஆடினார்கள் பாருங்கள், உயிரைக் கொடுத்து ஆடினார்கள். கடைசிக் கட்டத்தில் தவிட்டுக்குருவிகளின் கைதான் கொஞ்சம் ஓங்கியிருந்தது. காக்கை அணியில் காயை அடிக்க ஒரே ஒருவர்தான் மிச்சம், அவர்கள் தலைவன் கரியான். ஏற்கனவே இரண்டு காக்கைகள் கற்களின்மேல் ஓடத் தயாராக நின்றன. கரியான் அடிக்கிற காயைப் பிடித்துவிட்டால் ஜெயம். காய் தரையில் விழுந்தால் அந்த இரண்டும் ஓடி முடித்துவிடும், அணியும் அதோடு போச்சு.

கரியான் அடித்தான் ஓர் அடி. காய் மேகத்தைத் தொடுவதுபோல் ஏறி, திரும்பி, நேரே வெள்ளாயிக்கும் முத்தாண்டிக்கும் நடுவில் இறங்கியது.

இருவரும் ஓடினார்கள். முத்தாண்டி பாதி வழியில் நின்றுவிட்டான். அவன் நின்றதைப் பார்த்து இவளும் நின்றாள். இவள் நின்றதைப் பார்த்து அவன் மறுபடி கிளம்பினான், அண்ணாந்த தலையோடு, அன்றைக்கு மடங்கிய அதே சிறகோடு. ஐயோ, மறுபடியுமா! வெள்ளாயி வாயைத் திறந்துவிட்டாள்.

"நான் பிடிக்கிறேன்! முத்தாண்டி, நீ நில்லு! நான் பிடிக்கிறேன்!"

என்ன குரல் அது! பிறந்ததிலிருந்து புழங்காத தொண்டை அல்லவா? எண்ணெய் காணாத செக்குபோலக் கரகரவென்று வந்தது. முத்தாண்டி அப்படியே தரையோடு தரையாகப் படுத்துவிட்டான். திறந்த வாய் திறந்தபடி இருக்க, வெள்ளாயி தாவினாள். காய் அந்த வாயிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

காடு அதிர்ந்தது. நடுவராக நின்ற காட்டெருமை, "பிடித்தது செல்லும்! தவிட்டுக்குருவி அணி ஜெயித்தது, அணி கலையாது!" என்று அறிவித்தது. சந்தோஷப்பட நேரம் கிடைத்ததா? அதற்குள் கரியான் கத்தினான். "ஜெயிச்சுக்கோங்க, வேணாங்கலை. ஆனா உங்க சட்டம் என்னாச்சு? அவ வாய் திறந்தாளே, காடே கேட்டுச்சே! வெளிய அனுப்புங்க!"

எல்லோரும் நரையனைப் பார்த்தார்கள். வெளியே போ என்று சொல்ல வேண்டியவர் அவர். வெள்ளாயி அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. காயைத் தலைவர் காலடியில் வைத்தாள், ஒரு கும்பிடு போட்டாள், திரும்பித் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்தாள். அணி பிரியாமல் காத்தவள், தான் மட்டும் பிரிந்து போனாள். பார்த்துக்கொண்டிருந்த மான்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டன.

நரையன் அலகைத் திறந்தார். மூடினார். அவளோ எல்லைக்கல்லைத் தாண்டப் போகிறாள்.

"ஏ புள்ளே! எங்கே போறே?" பிளந்துகொண்டு வந்தது குரல். "நீ இல்லாம நாங்க மட்டும் ஒரு கிளையில உக்காந்து எப்படித் தூங்குறது? வா இங்கே!"

தலைவரே வாய் திறந்துவிட்டார்! அப்புறம் என்ன? முத்தாண்டி கத்தினான், "வெள்ளாயி, நில்லு, நானும் வர்றேன்!" மற்றவர்களும் கத்தினார்கள். வருஷக்கணக்காக விழுங்கியதெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே கொட்டியது. ஒரே இரைச்சல். யார் என்ன சொல்கிறார் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

கரியான் துள்ளிக் குதித்தான். "ஒன்பது பேரும் பேசிட்டாங்க! ஒன்பது பேரும் வெளியே!"

காட்டெருமை வெகுநேரம் அசைபோட்டது. "சட்டம்னா சட்டம்தான்" என்றது கடைசியில். "ஒன்பது பேரும் அணியை விட்டு வெளியே போக வேண்டியதுதான்." பிறகு தலையைத் தாழ்த்தி, அவர்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னது. "ஒண்ணாவே போங்க."

அப்படித்தான் காட்டின் மூத்த அணி ஒரே நாளில் ஜெயிக்கவும் செய்தது, இல்லாமலும் போனது. நரையன் எல்லைக்கல் அருகே நின்று மைதானத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். வலிக்காமல் இருக்குமா? பாட்டன் பூட்டன் ஓடிய தரை. "அண்ணே, வாங்க" என்று வெள்ளாயி கூப்பிட்டாள். அவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, தத்தித் தத்தி அவள் பின்னாலேயே புதருக்குள் போனார்.

அன்று பிடித்த வழக்கம்தான். இன்றைக்கும் தவிட்டுக்குருவியைத் தனியாக நீங்கள் பார்க்க முடியாது. கூட்டமாகத்தான் புதருக்குப் புதர் தத்திப் போகும், ஒரு நிமிஷம் வாய் ஓயாது. சண்டை போடுகின்றன என்று நாம் நினைக்கிறோம். சண்டை ஒன்றும் இல்லை. "நான் இருக்கேன், நீ இருக்கியா?" என்று ஒன்று கேட்கிறது. மற்றதெல்லாம், "இருக்கேன், இருக்கேன்" என்கின்றன.