ஏழாம் களத்து மான்

மருதமடு என்னும் காட்டில் விலங்குகள் எல்லாம் கூத்து எழுதின. எழுதத் தெரிந்த விலங்கு எழுதியது. தெரியாத விலங்கு அதைவிட அதிகமாக எழுதியது.

மடுவின் கரையில் ஒரு மருதமரம் இருந்தது. அதன் அடியில் பெருமான் சுயம்புவாக எழுந்தருளியிருந்தார். ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்தன்று அவர் திருமுன்னே ஒரே ஒரு கூத்து அரங்கேறும். அதை எழுதியவருக்குக் காட்டின் தலைவரான யானையார் தம் துதிக்கையாலேயே மாலை சூட்டுவார்.

அந்த மாலைக்கு ஒரு முறைமை உண்டு. எழுதிய ஓலைக்கட்டை மருதமரக் கிளையில் தொங்கவிட வேண்டும். உடன் எழுதுவோர் மூவர் அதைப் படித்து, ஆளுக்கு ஓர் ஓலையில் கருத்து எழுதி, கொடியால் முடிச்சுப் போட வேண்டும். பிறர் கட்டு மூன்றைப் படித்தவனுடைய கட்டுக்கே இப்படி முடிச்சுப் பெறும் உரிமை. யானையாருக்குக் கண் மங்கிவிட்டது. ஆகவே கருத்துகளை மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்டு, சிறந்ததைத் தேர்ந்தெடுப்பார். மூன்று ஆண்டுகள் தொங்கியும் அரங்கேறாத கட்டு மடுவில் விடப்படும். அதை எழுதியவன் பிறகு எழுத்தாணியைத் தொடக்கூடாது.

நரி சொல்லழகனுக்கு அது மூன்றாவது ஆண்டு. சொல்லழகன் என்பது அவன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர். கோழி திருடும் குலம் என்று காடு முழுவதும் ஏசப்பட்ட குடும்பத்தில் பிறந்தவன் அவன். கழுத்தில் மாலையோடு ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்தக் காட்டின் நடுவே நடந்து போய்விட வேண்டும் என்பதே அவன் பிறவிப் பயன்.

அவன் எழுதிய கூத்து, நாள்தோறும் பெருமானுக்குப் பூச் சுமந்து வரும் ஒரு மானைப் பற்றியது. நல்ல கதைதான். ஆனால் கண்ணீர் போதவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. கட்டை மூன்றாம் முறையாகத் தொங்கவிடும் அன்று காலையில் மூன்றாம் களத்தில் ஒரு புலியைப் புகுத்தி மானைக் கொன்றான். கொன்றதில் அவனுக்கே அழுகை வந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் மற்ற களங்களைத் திரும்பிப் பார்க்க மறந்தான்.

இனிப் பிறர் கட்டுகள் மூன்றைப் படிக்க வேண்டும். நரி மரத்தடிக்கு வந்தான். தொங்கும் கட்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திக் கனம் பார்த்தான். பிறகு யார் எழுதியது என்று முகர்ந்து பார்த்தான். பிறகு தலைப்பைப் பார்த்தான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் அவன் ஆராய்ச்சிக்குள் வரவில்லை.

அணில் கீற்றனின் கட்டில் நான்கே ஓலைகள். "இதைத்தான் இலக்கியம் என்பது" என்று சொல்லி அதை எடுத்துக்கொண்டான். அடுத்து மயிலின் கட்டு. மயில் நாள்தோறும் விடியலில் யானையாருக்குத் திருப்பள்ளியெழுச்சி பாடுபவன். தலைவரின் காதருகே இருப்பவன். எனவே அந்தக் கட்டும் சிறந்தது. மூன்றாவது குரங்கின் கட்டு. குரங்கு எவரையும் புகழ்வான். புகழ்ந்தால் இருமடங்கு திருப்பிப் புகழ்வான். எனவே அதுவும் சிறந்தது.

அப்போது மடுவிலிருந்து ஆமை பொறையம்மை கரையேறி வந்தாள். அவளுடைய கட்டில் எண்பது ஓலைகள். நான்கு ஆண்டுகள் எழுதி, இந்த ஆண்டுதான் முதன்முதலாகத் தொங்கவிட்டிருந்தாள். ஒரு முடிச்சும் விழவில்லை.

"தம்பி, நீ என் கட்டைப் படி. நான் உன் கட்டைப் படிக்கிறேன். தவறு கண்டால் ஒளிக்காமல் சொல்கிறேன், நீயும் சொல்" என்றாள்.

"அக்கா, உங்கள் கட்டைத் தூக்குவதற்கே யானையார் வரவேண்டும். படிக்கும் நேரத்தில் எனக்குப் பேரன் பிறந்துவிடுவான்."

"எண்பது ஓலைதானே. நான் ஓர் ஓலைக்கு ஒரு நாழிகை எடுப்பேன். நீ வேகமானவன்."

"உங்களிடம் என் கட்டைக் கொடுத்தால் உத்திரம் முடிந்து அடுத்த உத்திரமும் வந்துவிடும். வேறு யாராவது வேலையற்றவரைப் பாருங்கள்."

"சரி, கனம் பார்ப்பவனிடம் கதை கேட்டது என் பிழை" என்று சொல்லி ஆமை தண்ணீருக்குள் இறங்கினாள்.

கோயிலுக்குள் நுழையாமல் வாசலில் நின்றபடியே பிரசாதத்துக்குக் கை நீட்டுவோர் உண்டு. நரி அந்த வகை வாசகன். மயிலின் கட்டில் தலைப்பைப் படித்து, "தெய்விகம்" என்று எழுதினான். குரங்கின் கட்டைப் பிரிக்காமலே, "பாத்திரங்கள் உயிரோடு உலவுகின்றன" என்று எழுதினான். அணிலுக்கு, "முடிவு என் உள்ளத்தை உருக்கிவிட்டது" என்று எழுதினான். உச்சிப்பொழுதுக்குள் மூன்று முடிச்சும் போட்டு முடித்து, நிழலில் படுத்து உறங்கினான்.

அவன் எதிர்பார்த்தபடியே மூவரும் அவன் கட்டில் முடிச்சுப் போட்டார்கள். "இத்தகைய கூத்து இந்தக் காட்டில் தோன்றியதில்லை" என்றது குரங்கின் ஓலை. "பெருமானே எழுதுவித்தார்" என்றது மயிலின் ஓலை. "ஏழாம் களம் அற்புதத்திலும் அற்புதம்" என்றது அணிலின் ஓலை. யானையார் கேட்டார், நெகிழ்ந்தார், நரியின் கூத்தையே தேர்ந்தெடுத்தார்.

அந்தக் காட்டில் ஒத்திகை கிடையாது. பெருமான் காணும் முன்பே ஒருமுறை ஆடிவிட்டால் அது எச்சில் படையல் ஆகிவிடும் என்பது வழக்கம். மைனா ஓலையைப் பார்த்து அடியெடுத்துக் கொடுக்க, ஆடுவோர் அப்படியே ஆடுவர். அரங்கில் இறந்தவர் தீபாராதனை ஆகும்வரை எழக்கூடாது என்பதும் வழக்கம்.

உத்திரத்தன்று காடே திரண்டது. நரி முன்வரிசையில் கழுத்தை நீட்டி அமர்ந்திருந்தான். மாலைக்கு அளவு சரியாக இருக்க வேண்டுமே. மூன்றாம் களத்தில் புலி பாய்ந்தது. மான் விழுந்தாள். முயல்கள் விம்மின. நான்கும் ஐந்தும் ஆறும் மான் வராத களங்கள்; மழையையும் மடுவையும் பாடுவதிலேயே கழிந்தன.

மைனா படித்தது: "ஏழாம் களம். மான் பூக்குடலையுடன் நுழைந்து, பெருமான் திருவடியில் பூச் சாத்துகிறாள்."

ஒருவரும் நுழையவில்லை.

மைனா மறுபடி படித்தது. கீழே கிடந்த மான் கண்ணைத் திறக்காமல், "மைனா, நான் மூன்றாம் களத்திலேயே போய்விட்டேன்" என்றாள்.

"ஓலையில் நீ வருகிறாய் என்றுதான் இருக்கிறது."

"அதே ஓலையில்தான் நான் செத்தேன்."

"நன்றாகவே கொன்றேன். அதில் குறை சொல்ல வேண்டாம்" என்றது புலி.

ஒரு முயல் சிரித்தது. பிறகு காடே சிரித்தது. நரியின் கழுத்து மெல்ல உள்ளே போயிற்று. அன்றைய உத்திரப் பூ அந்தக் களத்தில்தான் பெருமானைச் சேர வேண்டும். குடலையில் அது வாடிக்கொண்டிருந்தது. யானையார் எழுந்தார். தாமே குடலையை எடுத்துப் பூவைத் திருவடியில் சாத்தி, மன்னிப்பு வேண்டித் தொழுதார். பிறகுதான் திரும்பினார்.

"முடிச்சுப் போட்ட மூவரும் வாருங்கள். இதைப் படித்தீர்களா?"

குரங்கு தலையைச் சொறிந்தான். "முதல் ஓலையைப் படித்தேன் ஐயா. அதில் மான் உயிரோடுதான் இருந்தாள்."

"நான் கடைசி ஓலையைப் படித்தேன். அதிலும் உயிரோடுதான் இருந்தாள்" என்றான் மயில்.

"கீற்றா, ஏழாம் களம் அற்புதம் என்றாயே?"

"நான் ஓர் எழுத்தும் படிக்கவில்லை ஐயா" என்றான் அணில். "என் கூத்தின் முடிவு உள்ளத்தை உருக்கியது என்று அவர் எழுதியிருந்தார். நான் முடிவை இன்னும் எழுதவே இல்லை. அவர் எப்படி என்னைப் படித்தாரோ, அப்படியே நானும் அவரைப் படித்தேன்."

யானையார் நரியைப் பார்த்தார். நரி தரையைப் பார்த்தான்.

"மூவரும் அடுத்த உத்திரம்வரை பூப் பறியுங்கள். பிறர் ஓலையைத் தொட வேண்டாம்" என்றார் யானையார். "பாதியில் நின்ற கூத்து அரங்கேறியது ஆகாது. முறைமைப்படி நரியின் கட்டை மடுவில் விடுங்கள்."

கட்டு மிதந்து போயிற்று. பொறையம்மை அதைப் பற்றி ஒரு பாறைமேல் ஏற்றி, முதல் ஓலையிலிருந்து படிக்கத் தொடங்கினாள். இரண்டு நாள் படித்தாள். நரி போகவும் மனமின்றி, கேட்கவும் துணிவின்றிக் கரையிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் கடைசி ஓலையைக் கவிழ்த்தபோது, "எப்படி இருக்கிறது அக்கா?" என்றான்.

"இரண்டாம் களத்தில் வெள்ளத்தின் நடுவே நின்று, பூ மட்டும் நனையக் கூடாது என்று மான் ஆற்றோடு வழக்காடுகிறாளே, அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது" என்றாள் ஆமை. "புலியின் பாய்ச்சலை ஒரு முழம் குறைத்து எழுதியிருந்தால் மான் காயத்தோடு தப்பியிருப்பாள். ஏழாம் களத்தில் நொண்டிக்கொண்டே வந்து பூச் சாத்தியிருப்பாள். ஒரே ஒரு வரி, தம்பி. மாலை உனக்குத்தான் விழுந்திருக்கும்."

நரி எழுந்து பாறையருகே வந்தான். "இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்வதற்குத்தான் உன் கட்டைக் கேட்டேன். நீ என் கட்டின் கனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்."

ஆமை ஓலைகளைச் சேர்த்துக் கட்டி அவன் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். நனைந்த கட்டை ஏந்திய நரியின் கை, பழக்கத்தால், அதை ஒருமுறை மேலும் கீழும் அசைத்துக் கனம் பார்த்தது.

பிறர் எழுத்தைப் படிக்காமல் புகழ்கிறவன் தன் எழுத்துக்கும் படிக்காதவர் புகழையே பெறுவான். அந்தப் புகழ் அரங்கேறும் நாளில் அவனுக்கு உதவாது.