சுடலைவடிவு பண்ணிய சத்தியம்

உப்பள முதலாளி வேலாயுதப் பெருமாள் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நின்றார். ஓட்டுக்குச் சில நாள் முன்னால், அளத்தில் வேலை செய்கிறவர்களை எல்லாம் அம்மன் கோயிலுக்கு வரச்சொல்லிக் கற்பூரம் ஏற்றினார்.

"எனக்குத்தான் ஓட்டுன்னு சத்தியம் பண்ணணும். பண்ணாதவங்களுக்கு இனி அளத்துல வேலை கிடையாது."

முதலில் சுடலைவடிவைக் கூப்பிட்டார்கள். உப்பு வாருகிற கூலிக்காரி அவள். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. பொய்ச் சத்தியம் பண்ணவும் மனம் வரவில்லை. கற்பூரத்தின் மேல் கையை நீட்டினாள்.

"எங்க தெருவுக்குக் குடிதண்ணி கொண்டுவரப் போற ஆளுக்குத்தான் என் ஓட்டு. இது சத்தியம், தாயே!"

"என் பேரைச் சொல்லு!" என்று உறுமினார் முதலாளி.

"ஏன் முதலாளி, அந்த ஆளு நீங்க இல்லையா?"

அம்மன் முன்னால், ஊர் முன்னால், இல்லை என்று எப்படிச் சொல்வார்? அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மற்றவர்களும் அதே சத்தியத்தையே பண்ணினார்கள்.

சுடலைவடிவு அதோடு விடவில்லை. போட்டியிட்ட மூன்று பேரிடமும் போய், தண்ணீர் எப்படி வரும் என்று விசாரித்தாள். முதலாளியும் இன்னொருவரும், "ஜெயிச்சப்புறம் பாக்கலாம்" என்றார்கள். தையல்காரி ஞானசெல்வம் மட்டும் குழாய் வரவேண்டிய வழியை நடந்தே காட்டினாள்.

ஓட்டுப்போட்டு வெளியே வந்த சுடலைவடிவை முதலாளி மறித்தார். "சத்தியம் ஞாபகம் இருந்துதா?"

"இருந்துது முதலாளி. அதனாலதான் சின்னத்தை எல்லாம் நிதானமா பாத்துக் குத்துனேன்."

ஞானசெல்வம் ஜெயித்தாள். சத்தியத்தை மீறிவிட்டார்கள் என்று சொல்லி முதலாளியால் ஒருவரையும் வேலையிலிருந்து நிறுத்த முடியவில்லை.